டாடா இன்ஸ்டிட்யூட்டிலிருந்து போனவர்களும் ராமானுஜனின் கம்பளியும்

பெங்களூரில் மல்லேஸ்வரம் பக்கம் ஆட்டோ பிடித்து 'இந்தியன் இன்ஸ்டிட்யூட் ஆஃப் சயின்ஸ்' என்று முழுப் பெயரையும் சொன்னால், வயதான ஆட்டோக்காரர் திரும்பி ஒரு மாதிரி பார்ப்பார். 'டாடா இன்ஸ்டிட்யூட்' என்றால் போதும், வண்டி கிளம்பிவிடும். 1909ல் ஆரம்பித்த நிறுவனம். மைசூர் அரசு 371 ஏக்கர் நிலம் கொடுத்தது, 1911ல் முதல் மாணவர்கள் வந்தார்கள். ஜாம்ஷெட்ஜி டாடா அதைக் கண்ணால் பார்க்காமலேயே 1904ல் போய்விட்டார், ஆனாலும் ஊர் வாயில் இன்றுவரை அது அவர் பெயரில்தான் இருக்கிறது. மத்திகெரேயில் குடியிருந்த ஆறு வருஷமும் நான் அந்த மதில் சுவரை ஒட்டித்தான் தினமும் பஸ்ஸில் போய்வந்தேன். இப்போது வேலை மிச்சிகனில், டெட்ராய்ட் பக்கம். ஆன் ஆர்பர் முக்கால் மணி நேரம்.

இந்த இரண்டு ஊருக்கும் நடுவில் ஒரு பழைய கோடு ஓடுகிறது. அதைப் பற்றித்தான் எழுத நினைத்தேன்.

ஜூலை மாதம் வந்தால் போதும், ஊரிலிருந்து போன் வர ஆரம்பித்துவிடும். "பையனுக்கு அட்மிஷன் கிடைத்துவிட்டது, என்னென்ன கொண்டுவரணும்?" குக்கர் உண்டா, பருப்புப்பொடி விடுவார்களா, ஊறுகாயைப் பிடுங்கிக்கொள்வார்களா, குளிர் எப்படி, ரூம்மேட் யார். எல்லாம் கேட்டு முடித்துவிட்டு, பக்கத்தில் நிற்கும் பையனிடம் அம்மாவோ அப்பாவோ சொல்வது போனில் இங்கே கேட்கும்: "போய் அட்ஜஸ்ட் பண்ணிக்கடா." நம் வீடுகளில் இது ஆசீர்வாதம் மாதிரி. பெங்களூரில் பி.ஜி.யில் சேரும்போதும் இதேதான், ஹாஸ்டலில் சேரும்போதும் இதேதான்.

இந்த 'அட்ஜஸ்ட்' என்பதை யார் பண்ணுகிறார்கள் என்பதுதான் கேள்வி. போகிற பிள்ளை மட்டும்தானா?

முதலில் டாடா இன்ஸ்டிட்யூட்டிலிருந்து போன மூன்று பேர். மூவரும் பெண்கள்.

கமலா பாக்வத் (பின்னாளில் கமலா சோஹோனி) 1933ல் பம்பாயில் பட்டம் வாங்கிக்கொண்டு பெங்களூர் வந்தார். அப்போது இயக்குநர் சர் சி.வி. ராமன். பெண் என்பதால் இடமில்லை என்றார். கமலா நகரவில்லை. கடைசியில், ஒரு வருஷம் வேலையைப் பார்த்துவிட்டுப் பிறகு முடிவு செய்யலாம் என்ற நிபந்தனையோடு சேர்த்துக்கொண்டார். 1936ல் எம்.எஸ்ஸி., 1937ல் கேம்பிரிட்ஜ் நியூன்ஹாம் கல்லூரி, 1939ல் பி.எச்டி. அடுத்தவர் அன்னா மணி. பீர்மேட்டில் பிறந்து, சென்னை பிரசிடென்சியில் படித்து, 1940ல் உதவித்தொகையோடு பெங்களூர் வந்தவர். அதே ராமன் இவரைத் தன் ஆய்வகத்தில் சேர்த்துக்கொண்டார். ஐந்து வருஷ ஆராய்ச்சி முடித்தும், எம்.எஸ்ஸி. பட்டம் இல்லை என்று சொல்லிச் சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு பி.எச்டி. தரவில்லை. 1945ல் லண்டன் இம்பீரியல் கல்லூரிக்குப் போனார். பிறகு இந்திய வானிலைத் துறையின் கருவிகளை உள்நாட்டிலேயே செய்ய வைத்தவர் அவர்தான். மூன்றாமவர் ராஜேஸ்வரி சாட்டர்ஜி, கர்நாடகத்துக்காரர், நஞ்சன்கூடில் பிறந்தவர். 1943ல் டாடா இன்ஸ்டிட்யூட்டில் சேர்ந்து, 1947 ஜூலையில் கப்பலேறி ஆன் ஆர்பர் வந்தார். அவரிடம் கடைசியில் வருகிறேன்.

மூன்று பேருமே நல்லபடியாகப் படித்து முடித்து ஊர் திரும்பினார்கள். குளிரும் சாப்பாடும் தனிமையும் அவர்களுக்கும் இருந்திருக்கும். ஆனால் அவர்களுக்கு ஒரு தலைமுறை முன்னால் போன நம்ம ஊர்க்காரர் ஒருவருக்கு அப்படி முடியவில்லை. அந்தக் கதையைச் சொல்லாமல் இவர்கள் கதை புரியாது.

கும்பகோணம் ராமானுஜன் 1914 மார்ச் 17 அன்று சென்னையில் கப்பல் ஏறினார். குடுமியை எடுத்து கிராப்பு வைத்தாயிற்று, கோட்டு, ஷூ எல்லாம் தயார். கணக்கைப் பற்றி எல்லாருக்கும் தெரியும், அதை விடுங்கள். அவர் தங்கிய அறையைப் பார்ப்போம்.

சென்னைக்கு வந்து அவரைச் சம்மதிக்க வைத்த நெவில் என்கிற கணித ஆசிரியரே லண்டன் துறைமுகத்துக்கு வந்து கூட்டிப்போனார். கொஞ்ச நாள் கேம்பிரிட்ஜில் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். பிறகு டிரினிட்டி கல்லூரியில், ஹியூவெல்ஸ் கோர்ட் என்ற கட்டடத்தில் தனி அறை. ஹார்டியின் அறைக்குப் பக்கம், வேலைக்கு வசதி. பணத்துக்கும் குறையில்லை. சென்னையிலிருந்து வருஷத்துக்கு 250 பவுன், டிரினிட்டி கொடுத்தது 60 பவுன். வீட்டுக்கு அனுப்பியது போகவும் மீதி இருந்தது.

அந்த முதல் குளிர்காலத்தில், பக்கத்துக் கிங்ஸ் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த மகலனோபிஸ் ஒருநாள் பார்க்க வந்தார். ராத்திரி குளிர் தாங்க முடியவில்லை என்றார் ராமானுஜன். ஓவர்கோட்டைப் போட்டுக்கொண்டு, அதன்மேல் சால்வையைச் சுற்றிக்கொண்டு தூங்குகிறாராம். கம்பளி இல்லையா என்று மகலனோபிஸ் படுக்கையறைக்குள் போய்ப் பார்த்தார். கம்பளிகள் இருந்தன. ஆனால் வெள்ளைக்காரர் வழக்கப்படி அத்தனையையும் மெத்தை ஓரத்தில் இறுக்கிச் செருகி, மேலே விரிப்பைப் போட்டு மூடியிருந்தார்கள். ராமானுஜன் அந்த விரிப்புக்கு மேலே படுத்துக்கொண்டிருந்தார். கம்பளியை உருவி, இதற்குள் நுழைந்து படுக்க வேண்டும் என்று மகலனோபிஸ் காட்டிக்கொடுத்தார்.

இந்தச் சம்பவம் நமக்கு எப்படித் தெரியவந்தது என்பதிலும் பெங்களூர் இருக்கிறது. நூலகவியல் எஸ்.ஆர். ரங்கநாதன் (சீர்காழிக்காரர், முன்பு கணக்கு வாத்தியார்) கடைசிக் காலத்தில் பெங்களூரில்தான் இருந்தார். மகலனோபிஸ் நிறுவிய இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் சார்பில் 1962ல் அங்கே நூலகப் பயிற்சி மையம் ஆரம்பித்தார். ராமானுஜனைத் தெரிந்தவர்களின் நினைவுகளைத் தேடிச் சேர்த்து 1967ல் புத்தகமாகப் போட்டவரும் அவர்தான். மகலனோபிஸ் சொன்ன இந்தக் கம்பளிக் கதை அதில் இருக்கிறது.

நிறைய பேர் இதை ஒரு மேதையின் வெகுளித்தனம் என்று சிரித்துக்கொண்டே சொல்வார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உலகத்தில் அந்தக் காலத்தில் நாலு பேருக்கு மட்டுமே புரிகிற கணக்கைப் போட்டுக்கொண்டிருந்த மனிதர் ராத்திரிகளைக் குளிரில் நடுங்கிக் கழித்திருக்கிறார். எல்லாம் அறைக்குள்ளேயே இருந்தது. சொல்லித்தர மட்டும் ஆள் இல்லை.

சாப்பாடு இதைவிட மோசம். டிரினிட்டியில் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் பெரிய ஹால் உண்டு, கல்லூரி வாழ்க்கையே அங்கேதான். உருளைக்கிழங்கைக்கூடப் பன்றிக்கொழுப்பில் பொரித்திருப்பார்களோ என்ற பயத்தில் ராமானுஜன் அங்கே போகவில்லை. அறையிலேயே சின்ன அடுப்பில் தானே சமைத்துக்கொண்டார். ஒரு நாளைக்கு ஒரு தடவை, சில சமயம் இரண்டு நாளைக்கு ஒரு தடவை, அதுவும் அகாலத்தில். சாப்பாட்டு மேஜையை இழந்ததால் பேச்சுத்துணையும் போனது, அது அவர் நினைத்துப் பார்த்திராத நஷ்டம். 1914 ஆகஸ்டில் போர் வேறு வந்துவிட்டது. மாணவர்கள் பட்டாளத்துக்குப் போனார்கள், லிட்டில்வுட்டும் போனார். டிரினிட்டியின் முற்றத்திலேயே காயம்பட்ட சிப்பாய்களுக்குக் கட்டில் போட்டார்கள். காய்கறி கிடைப்பது கஷ்டமாயிற்று, ஊரிலிருந்து வரும் பொட்டலங்களும் நம்ப முடியாததாயின.

ஒரு தடவை இந்திய நண்பர் ஒருவரையும் அவர் மணக்கவிருந்த பெண்ணையும் அழைத்துத் தன் கையால் சமைத்து ரசம் பரிமாறினார். இன்னும் கொஞ்சம் என்றபோது விருந்தாளிகள் போதும் என்றார்கள். கொஞ்ச நேரத்தில் ஆளைக் காணோம். நாலைந்து நாள் கழித்து ஆக்ஸ்போர்டிலிருந்து ஐந்து பவுன் அனுப்பச் சொல்லி அந்த நண்பருக்குத் தந்தி வந்தது. ரசத்தை வேண்டாம் என்றதற்கா இவ்வளவு என்று தோன்றலாம். வெளிநாட்டில் தனியாக ஒரு அறையில் ஒரு வருஷமாவது இருந்தவர்களுக்கு அப்படித் தோன்றாது.

1917ல் படுத்தார். ஒரு மருத்துவமனையிலிருந்து இன்னொன்றுக்கு என்று அலைந்தார். காசநோய் என்றார்கள். அது கல்லீரலைத் தாக்கிய அமீபா நோயாக இருக்கலாம் என்று 1994ல் ஒரு மருத்துவர் எழுதினார். 1918 தொடக்கத்தில் லண்டன் பாதாள ரயில் தண்டவாளத்தில் விழுந்து உயிரை விட முயன்றார், ரயில் அவர்மேல் ஏறாமல் நிறுத்தப்பட்டது. அதே வருஷம்தான் ராயல் சொசைட்டி உறுப்பினர் பதவியும் டிரினிட்டி ஃபெல்லோ பதவியும் வந்தன. 1919ல் ஊர் திரும்பி, 1920 ஏப்ரல் 26 அன்று சேத்துப்பட்டில் இறந்தபோது வயது 32.

ஹார்டியைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அவர் தன்னால் முடிந்ததைச் செய்தார். நெவிலும் செய்தார். ஆனால் ராமானுஜன் இன்றைக்குச் சாப்பிட்டாரா என்று கேட்பது யாருடைய வேலையாகவும் இருக்கவில்லை.

அப்போது இந்திய மாணவர்களுக்கென்று விடுதியே இல்லையா என்றால், இருந்தது. அதன் கதை வேறு மாதிரிப் போய்விட்டது. 1905ல் ஷ்யாம்ஜி கிருஷ்ணவர்மா லண்டன் ஹைகேட்டில் 'இந்தியா ஹவுஸ்' என்று ஒரு விடுதி திறந்தார். சுமார் 25 பேர் தங்கலாம். நம்ம சாப்பாடு, நம்ம பேச்சு. நம் ஆட்கள் மூன்று பேர் அங்கே இருந்தார்கள்: பாரிஸ்டருக்குப் படிக்கப் போன வ.வே.சு. ஐயர், டாக்டருக்குப் படிக்கப் போன டி.எஸ்.எஸ். ராஜன், எம்.பி.டி. ஆச்சார்யா. சாப்பாட்டோடு சாவர்க்கரின் புரட்சி வகுப்பும் நடந்தது. 1909 ஜூலையில் மதன்லால் திங்க்ரா கர்சன் வைலியைச் சுட்டுக் கொன்றதோடு அந்த வீட்டின் கதை முடிந்தது. ஐயர் 1910ல் மாறுவேஷத்தில் தப்பித்தார், கடைசியில் புதுச்சேரி வந்து சேர்ந்தார்.

அதற்குப் பிறகு அரசாங்கமே ஒரு வீட்டை ஏற்பாடு செய்தது: லண்டன், 21 குரோம்வெல் ரோடு. புதிதாக வரும் இந்திய மாணவர்கள் சில நாள் அங்கே தங்கலாம், தகவல் கேட்கலாம். ராமானுஜனும் இறங்கியவுடன் அங்கேதான் சில நாள் இருந்தார். ஆனால் இது உளவு பார்க்கும் இடம் என்று மாணவர்கள் ஒதுங்கினார்கள். அவர்களை எப்படிக் குறை சொல்வது? படுக்கையும் கொடுத்து, ராத்திரி யார் வந்தார்கள் என்று குறிப்பும் எழுதினால் யாருக்குத் தூக்கம் வரும்.

இந்த முடிச்சை அவிழ்த்தவர் ஒரு தமிழர். சேலத்தில் 1876ல் பிறந்த கே.டி. பால், கனகராயன் திருச்செல்வம் பால். இந்திய ஒய்.எம்.சி.ஏ.வின் தேசியப் பொதுச்செயலாளரான முதல் இந்தியர். முதல் உலகப்போரில் கடல் கடந்து போன இந்தியச் சிப்பாய்களுக்காக ஒய்.எம்.சி.ஏ. ஊழியர்களை அனுப்பி வைத்தவர். சிப்பாய்க்கு என்ன தேவையோ அதேதான் மாணவனுக்கும் என்று அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். 1920ல், ராமானுஜன் இறந்த அதே வருஷத்தில், லண்டனில் இந்திய மாணவர் விடுதி திறந்தது. போர்க்காலத்தில் சிப்பாய்களுக்காகப் போட்டிருந்த 'ஷேக்ஸ்பியர் ஹட்' என்ற தற்காலிகக் கொட்டகையில்தான் முதலில் நடந்தது. 1923ல் கோவர் தெருவில் சொந்த இடம். இரண்டாம் உலகப்போரின் குண்டுவீச்சில் அது அடிபட்டது. 1950களின் தொடக்கத்தில் ஃபிட்ஸ்ராய் சதுக்கத்தில் புதுக் கட்டடம் எழுந்தது, இன்றும் நடக்கிறது. லண்டன் போன தமிழர்களில் நிறைய பேர் அந்தக் கேன்டீனில் ஒருவேளையாவது சாப்பிட்டிருப்பார்கள். அதை ஆரம்பித்தவர் சேலத்துக்காரர் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? அவர் 1931ல், முதல் வட்டமேஜை மாநாட்டுக்குப் போய்வந்த கொஞ்ச நாளில் இறந்தார். சேலத்தில் அவருக்கு ஒரு சிலை இருந்தால் தேவலை.

ஏன் இவ்வளவு விவரம் சொல்கிறேன் என்றால், அன்னா மணி 1945ல் லண்டனில் இறங்கியபோது ராமானுஜன் இறங்கிய லண்டன் அது இல்லை. அவர் எங்கே தங்கினாரோ, அது இங்கே முக்கியமில்லை. இந்திய மாணவர் என்றால் என்ன சாப்பிடுவார், எதற்குக் கலங்குவார் என்று அந்த ஊருக்குப் பழகி 25 வருஷம் ஆகியிருந்தது.

கமலா சேர்ந்த நியூன்ஹாமும் அப்படித்தான். டிரினிட்டியிலிருந்து நடந்து போகிற தூரம். ஆனால் பிறப்பே வேறு. டிரினிட்டி எட்டாம் ஹென்றி ராஜா வைத்தது. நியூன்ஹாம் 1871ல் ஒரு வாடகை வீட்டில் ஐந்து பெண்களோடு ஆரம்பித்தது. கேம்பிரிட்ஜில் பெண்களுக்குப் பட்டம் கிடையாது, விரிவுரை கேட்கலாம் அவ்வளவுதான். அதைக் கேட்க வரும் வெளியூர்ப் பெண்கள் எங்கே தங்குவார்கள் என்ற கேள்வியில் பிறந்த கல்லூரி அது. ஆன் கிளஃப் என்ற அம்மையார்தான் வீட்டுப் பொறுப்பு. அதாவது முதலில் ஹாஸ்டல், பிறகு கல்லூரி! 1937ல் கமலா போனபோதுகூடக் கேம்பிரிட்ஜ் பெண்களை முழு உறுப்பினர்களாக ஏற்றிருக்கவில்லை, அது 1948ல்தான் நடந்தது. ஊரே வாசலில் நிறுத்தி வைத்தவர்களுக்கு, புதிதாக வந்து நிற்பவளை எப்படி உள்ளே கூப்பிடுவது என்று தெரிந்திருக்கும் என்று எனக்கு ஒரு எண்ணம்.

இனி அமெரிக்கா. இங்கே 1909ல் நடந்ததாக ஒரு சம்பவம் சொல்வார்கள். நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் நூலகப் படிக்கட்டில் ஹாரி எட்மண்ட்ஸ் என்ற ஒய்.எம்.சி.ஏ. ஊழியர் எதிரே வந்த சீன மாணவருக்கு 'குட் மார்னிங்' சொல்லிவிட்டுப் போனார். அந்த மாணவர் நின்றார். நியூயார்க் வந்து மூன்று வாரம் ஆகிறது, என்னோடு பேசிய முதல் ஆள் நீங்கள்தான் என்றார். எட்மண்ட்ஸும் அவர் மனைவியும் வெளிநாட்டு மாணவர்களை ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குக் கூப்பிட ஆரம்பித்தார்கள். அது வளர்ந்து, ராக்ஃபெல்லர் பணத்தில் 1924ல் 'இன்டர்நேஷனல் ஹவுஸ்' ஆனது. 1930ல் பெர்க்லியில் இரண்டாவது. பல நிறத்து மாணவர்கள் ஒரே கூரையின் கீழ் இருப்பதா என்று பெர்க்லியில் ஊர்க்காரர்கள் கூட்டம் போட்டு எதிர்த்தார்கள். இருந்தும் கட்டினார்கள்.

எங்கள் மிச்சிகன் கதை இன்னும் பழையது. லெவி பார்பர் என்று ஒரு டெட்ராய்ட் வக்கீல், பல்கலைக்கழக நிர்வாகக் குழுவில் இருந்தவர். ஆசியப் பயணத்தில், மிச்சிகனில் மருத்துவம் படித்துவிட்டு ஊர் திரும்பிய பெண்கள் செய்யும் வேலையைப் பார்த்தார். 1917ல் ஆசியப் பெண்களுக்கென்று ஒரு உதவித்தொகை வைத்தார். படிக்கட்டும், நல்லது என்று தோன்றுவதை ஊருக்கு எடுத்துப் போகட்டும் என்பது அவர் எண்ணம். அவர் அதோடு நிறுத்தவில்லை. பெண்கள் தங்க ஒரு விடுதியும் கட்டிக்கொடுத்தார், தன் அம்மா பெயரில், பெட்சி பார்பர் ஹவுஸ், 1920ல். அதற்கு ஐந்து வருஷம் முன்பே இன்னொரு வக்கீல், வில்லியம் குக், தன் அம்மா மார்த்தா குக் பெயரில் ஒன்று கட்டியிருந்தார். (இந்த வக்கீல்களுக்கு அம்மா மேல் அப்படி ஒரு பாசம் :-)) உதவித்தொகைப் பெண்களைக் கவனிக்கும் பொறுப்பு கார்ல் ரூஃபஸ் என்ற வானியல் பேராசிரியரிடம் இருந்தது. அவர் அதற்கு முன் கொரியாவில் பாடம் நடத்தியவர். அந்நிய ஊரில் இருப்பது என்றால் என்ன என்று அவருக்கே தெரியும்.

அந்த மார்த்தா குக் விடுதிக்குத்தான் 1924ல் ஈ.கே. ஜானகி அம்மாள் வந்தார். தலச்சேரியில் பிறந்து, பிரசிடென்சியில் தாவரவியல் படித்து, சென்னைப் பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர். அமெரிக்கா கதவைச் சாத்திக்கொண்டிருந்த நேரம் அது. 1917 சட்டம் ஆசியர்கள் குடியேறுவதைத் தடுத்தது, 1923ல் பகத் சிங் திண்ட் வழக்கில் இந்தியர் குடிமகனாக முடியாது என்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது, 1924ல் இன்னொரு சட்டம். மாணவர்கள் மட்டும் படித்துவிட்டுத் திரும்பிப் போகலாம். ஒரு பயணத்தில் ஜானகி அம்மாளை எல்லிஸ் தீவில் நிறுத்திவைத்தார்கள். நீண்ட கூந்தல், பட்டுப்புடவை. நீங்கள் இந்திய ராஜகுமாரியா என்று கேட்டார்களாம். 'நான் மறுக்கவில்லை' என்று பின்னாளில் சிரித்துக்கொண்டே சொல்வாராம். 1931ல் டாக்டர் பட்டம். பிறகு கோயம்புத்தூரில் கரும்பு ஆராய்ச்சி. 1984ல் சென்னை மதுரவாயலில் ஆராய்ச்சிக்கூடத்திலேயே காலமானார்.

இதையெல்லாம் படித்துவிட்டு மிச்சிகன் பெரிய சொர்க்கம் என்று நினைத்துவிட வேண்டாம். 1931ல் இதே பல்கலைக்கழகத்தில் ஜீன் பிளாக்வெல் என்ற கறுப்பினப் பெண் சேர்ந்தார், அமெரிக்கக் குடிமகள். விடுதியில் இடம் தரவில்லை, நிறம்தான் காரணம். அவர் பிறகு நியூயார்க் பர்னார்டு கல்லூரிக்கு மாறினார், பின்னாளில் ஹார்லெமின் புகழ்பெற்ற ஷோம்பர்க் நூலகத்தை நடத்தினார். கடல் கடந்து வந்த ஜானகி அம்மாளுக்குத் திறந்த கதவு, உள்ளூரில் பிறந்தவருக்குச் சாத்தியிருந்தது. நமக்குக் கிடைத்த வரவேற்பைப் பற்றிப் பேசும்போது இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். போய்விடுகிற விருந்தாளிக்குத் திண்ணையில் பாய் போடுவது சுலபம்.

இப்போது ராஜேஸ்வரி. 1922ல் பிறந்தவர். பாட்டி கமலம்மா தாசப்பா மைசூர் சமஸ்தானத்தின் ஆரம்பகாலப் பெண் பட்டதாரிகளில் ஒருவர், விதவைகளும் கைவிடப்பட்ட பெண்களும் படிப்பதற்காக உழைத்தவர். அந்தப் பாட்டி தொடங்கிய பள்ளியில்தான் பேத்தி எழுத்து கற்றார். பெங்களூர் சென்ட்ரல் கல்லூரியில் கணிதத்தில் எம்.எஸ்ஸி. முடித்து ராமனிடம் சேரப் போனார். இயற்பியல் பட்டம் இல்லை என்று அவர் எடுத்துக்கொள்ளவில்லை. டாடா இன்ஸ்டிட்யூட்டின் மின் பொறியியல் பக்கம் சேர்ந்தார். 1946ல் அரசு உதவித்தொகை கிடைத்தது. திரும்பி வந்து மூன்று வருஷம் வேலை செய்ய வேண்டும் என்பது நிபந்தனை.

1947 ஜூலையில் கப்பல். போரில் சிப்பாய்களை ஏற்றிச்சென்ற கப்பலை மாற்றியமைத்தது, முப்பது நாள் பயணம். அவர் கிளம்பி ஒரு மாதத்தில் நாடு விடுதலை அடைந்தது. வெள்ளைக்காரப் பிரஜையாக ஏறியவர் சுதந்திர நாட்டுப் பெண்ணாக இங்கே படித்தார். அவர் வருவதற்கு ஒரு வருஷம் முன்புதான், 1946ல், வருஷத்துக்கு 100 இந்தியர் குடியேறலாம் என்று சட்டம் மாறியிருந்தது. ஆன் ஆர்பரில் அப்போது இடநெருக்கடி உச்சத்தில் இருந்தது. போர் முடிந்து திரும்பிய சிப்பாய்கள் அரசு செலவில் படிக்கக் குவிந்தார்கள். குண்டுவீச்சு விமானம் செய்த வில்லோ ரன் தொழிற்சாலையின் தொழிலாளர் குடியிருப்பிலெல்லாம் மாணவர்களை வைத்தார்கள். அந்த நெரிசலிலும் வெளிநாட்டு மாணவர்களுக்கென்று ஒரு இடம் இருந்தது. ராலி நெல்சன் என்ற ஆங்கிலப் பேராசிரியர் 1938லேயே இன்டர்நேஷனல் சென்டர் ஆரம்பித்திருந்தார். விசா சிக்கலா, வாடகை அறையா, பண்டிகையா, போய்க் கேட்க ஒரு கதவு.

ராஜேஸ்வரி மின் பொறியியலில் முதுகலை முடித்தார். வாஷிங்டனில் தேசியத் தர அளவீட்டு நிறுவனத்தில் எட்டு மாதம் பயிற்சி. 1949ல் ஆன் ஆர்பர் திரும்பியபோது அவருக்குக் கைகொடுத்தது அதே லெவி பார்பர் உதவித்தொகை, ஜானகி அம்மாள் வாங்கியது. 1953ல் வில்லியம் டௌ என்ற பேராசிரியரிடம் டாக்டர் பட்டத்தை முடித்துக்கொண்டு பெங்களூர் திரும்பி, டாடா இன்ஸ்டிட்யூட்டிலேயே ஆசிரியரானார். கணவர் சிசிர் குமார் சாட்டர்ஜியோடு சேர்ந்து மைக்ரோவேவ் ஆராய்ச்சியை அங்கே வேரூன்ற வைத்தார். 1982 வரை பாடம் நடத்தினார். ஒரு தலைமுறை ஆன்டெனா, ரேடார் பொறியாளர்கள் அவரிடம் படித்து வெளியே வந்தார்கள். 2010ல் காலமானார்.

ராமானுஜனையும் ராஜேஸ்வரியையும் ஒரே தராசில் வைக்க முடியாது, தெரியும். ஒருவர் போர்க்காலத்தில் போனார், இன்னொருவர் போர் முடிந்தபின். உடம்பு, ஆசாரம், வயது எல்லாமே வேறு. ஆனாலும், இவருக்கு அட்ஜஸ்ட் பண்ணிக்கத் தெரிந்தது, அவருக்குத் தெரியவில்லை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். ராமானுஜன் கிராப்பு வைத்தார், ஷூ போட்டார், அடுப்பு மூட்டினார், அவர் பக்கத்திலிருந்து எவ்வளவோ செய்துவிட்டார்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். பெங்களூர் இப்போது அனுப்புகிற ஊர் மட்டுமில்லை, வாங்கிக்கொள்கிற ஊரும்கூட. ஆப்பிரிக்காவிலிருந்தும் மேற்காசியாவிலிருந்தும் பிள்ளைகள் தனியார் கல்லூரிகளில் படிக்க வருகிறார்கள். நிறைய பேர் நகர ஓரத்தில் வாடகை வீடுகளில் இருக்கிறார்கள். 2016 ஜனவரி கடைசியில் ஹெசரகட்டா பக்கம் ஒரு சூடான் நாட்டு மாணவரின் கார் மோதி ஒரு பெண் இறந்துபோனார். கொஞ்ச நேரம் கழித்து அந்த வழியே வேறொரு காரில் வந்த தான்சானியா மாணவியைக் கும்பல் பிடித்து அடித்தது, காரைக் கொளுத்தியது. அந்த விபத்துக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பலர் கைதானார்கள், அமைச்சர்கள் வருத்தம் தெரிவித்தார்கள். மத்திகெரே வழியாக நான் தினம் போய்வந்த பஸ்ஸிலும் அந்தப் பிள்ளைகள் ஏறுவார்கள். பக்கத்து சீட் காலியாகவே இருக்கும், கூட்ட நேரத்திலும்.

போனில் கேட்கும் பெற்றோருக்கு இப்போதெல்லாம் குக்கரைப் பற்றிக் கடைசியில்தான் சொல்கிறேன். முதலில் நான் கேட்பது வேறு: பல்கலைக்கழகத்தில் வெளிநாட்டு மாணவர் அலுவலகம் எங்கே, அங்கே யார் பெயர், ஹாஸ்டல் சமையலறையை எல்லாரும் பயன்படுத்தலாமா, டிசம்பர் விடுமுறையில் ஹாஸ்டலை மூடினால் பையன் எங்கே போவான், இருபது மைலுக்குள் நம்ம குடும்பம் ஒன்றாவது உண்டா. பட்டேல் கடை எங்கே என்பது அவனே கண்டுபிடித்துவிடுவான்.

உங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாராவது 1950, 60களில் லண்டன் ஃபிட்ஸ்ராய் சதுக்கத்து விடுதியிலோ, பெர்க்லி, சிகாகோ இன்டர்நேஷனல் ஹவுஸிலோ தங்கியிருந்தால், உட்காரவைத்துக் கேட்டு எழுதி வையுங்கள். முதல் ராத்திரி என்ன சாப்பிட்டார்கள், யார் வந்து கதவைத் தட்டினார்கள் என்று கேளுங்கள். மகலனோபிஸ் சொல்லாமல் போயிருந்தால், ரங்கநாதன் பெங்களூரில் உட்கார்ந்து அதைச் சேர்த்து வைக்காமல் போயிருந்தால், அந்தக் கம்பளி பற்றி நமக்குத் தெரிந்திருக்காது.